நாங்கள் மந்தைவெளிக்கே திரும்பி வந்தது ஏன்

சித்தி மகன் போன வாரம் அழைத்திருந்தான். பழைய மகாபலிபுரம் சாலையில், சிறுசேரிக்கு அருகே, மூன்று படுக்கையறை வீடு ஒன்றுக்கு முன்பணம் கட்டப் போகிறானாம். "நீச்சல் குளம், கிரிக்கெட் பயிற்சி, பாட்டு வகுப்பு எல்லாம் வளாகத்துக்குள்ளேயே இருக்கிறது அக்கா. குழந்தை வெளியே போக வேண்டிய தேவையே இல்லை" என்றான். பிறகு தயங்கித் தயங்கி, "நீங்கள் நான்கு வருடம் அந்தப் பக்கமே ஒரு வளாகத்தில் இருந்துவிட்டு ஏன் காலி செய்துகொண்டு மந்தைவெளிக்குப் போனீர்கள்?" என்று கேட்டான். அடுப்பில் பால் வைத்திருந்தேன். அரைகுறையாக ஏதோ சொல்லி வைத்துவிட்டேன். இதே கேள்வியை வேறு பலரும் கேட்டிருப்பதால் இங்கே முழுதாக எழுதுகிறேன்.

குழந்தை வெளியே போக வேண்டிய தேவையே இல்லை என்று அவன் பெருமையாகச் சொன்னானே, அதற்காகத்தான் காலி செய்தோம்.

மகளுக்கு நான்கு வயதில் அங்கே குடிபோனோம். கணவருக்கு அலுவலகம் பக்கம். காற்று நன்றாக இருந்தது. பையன் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டது அந்த வளாகத்தில்தான். ஒரு கார் குறுக்கே வராது. கோடையில் தண்ணீர் லாரியை எதிர்பார்த்துக் காத்திருந்ததையும், மழைக்காலத்தில் சாலை குளமானதையும் நான் பெரிதாக எண்ணவில்லை. சென்னையில் எங்கே இருந்தாலும் அவை ஏதோ ஓர் உருவத்தில் வரத்தான் செய்யும்.

என் மனத்தை மாற்றியது ஒரு மாலை நேரம். மகளுக்கு அப்போது ஏழு வயது. எங்கள் வீட்டில் வேலை செய்த அக்கா அவளைப் பாட்டு வகுப்பிலிருந்து கூட்டிக்கொண்டு வந்தார். மூன்று வருடமாக அவளுக்குத் தலை பின்னிவிட்டு, தட்டில் சோறு பிசைந்து கொடுத்தவர். நான் காய்கறிப் பையோடு பின்னால் வந்துகொண்டிருந்தேன். லிஃப்ட் கதவு திறந்தது. மகள் உள்ளே போனாள். அவளுடைய பையைத் தோளில் மாட்டியிருந்த அக்காவும் ஒரு கால் எடுத்து வைத்தார். மகள் ஓரத்தில் இருந்த, மரப்பலகை அடித்த இன்னொரு லிஃப்டைக் காட்டி, "அக்கா, உங்கள் லிஃப்ட் அது" என்றாள்.

குரலில் கடுமை எதுவும் இல்லை. வழி தெரியாதவருக்கு வழி சொல்வதுபோலச் சொன்னாள். அக்கா பையைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டார்.

மகளை நான் என்ன சொல்லிக் கண்டிப்பது? வீட்டு வேலை செய்பவர்களுக்குத் தனி லிஃப்ட் என்று சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பை அவள் ஒழுங்காகப் படித்திருந்தாள். அந்த விதியைக் கொண்டுவந்த குடியிருப்போர் கூட்டத்தில் நானும் உட்கார்ந்திருந்தேன், வாயைத் திறக்காமல். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இவள் வளர்ந்த பிறகு எத்தனை நல்ல புத்தகங்களைக் கையில் கொடுத்தாலும், ஏழு வயதில் பதிந்த அந்த இரண்டு லிஃப்டை எதைக் கொண்டு அழிப்பது?

அந்த அக்கா பெரும்பாக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்தார். அதற்கு முன் சைதாப்பேட்டையில் அடையாற்றங்கரையில் வீடு. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றங்கரையிலிருந்து அகற்றப்பட்டுப் பெரும்பாக்கத்து அடுக்குமாடிகளில் குடியேற்றப்பட்ட குடும்பங்களில் அவருடையதும் ஒன்று. சைதாப்பேட்டையில் அவருடைய மகனுக்குப் பள்ளிக்கூடம் நடந்து போகும் தூரம். இடம் மாறிய பிறகு கொஞ்ச நாள் பஸ்ஸில் போய்ப் பார்த்தான், பிறகு நின்றுவிட்டான். நாங்கள் கடன் வாங்கி விரும்பிப் போன அதே திசைக்கு அவர்களை லாரியில் ஏற்றி அனுப்பியிருக்கிறார்கள். கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டிய பகுதியிலேயே இருக்கின்றன அந்தக் குடியிருப்புகள். எங்கள் வளாகத்துப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அங்கே ஒரு நண்பன் இருந்திருப்பான்? எனக்குத் தெரிந்து ஒருவருக்கும் இல்லை.

1970-ல் குடிசை மாற்று வாரியத்தைத் தொடங்கியபோது, குடிசை இருந்த இடத்திலேயே மாடி வீடு கட்டிக் கொடுப்பது வழக்கமாக இருந்தது. அதனால்தான் மயிலாப்பூர், மந்தைவெளி, பட்டினப்பாக்கம் பக்கம் இன்றைக்கும் வசதியானவர்களும் மீனவர்களும் பூக்காரர்களும் ஆட்டோ ஓட்டுநர்களும் ஒரே கடையில் பால் வாங்குகிறார்கள். இங்கே சாதியும் ஏற்றத்தாழ்வும் கிடையாது என்று பொய் சொல்ல மாட்டேன். நிறையவே இருக்கிறது. ஆனால் மாநகராட்சி விளையாட்டுத் திடலில் மட்டையை வைத்திருப்பவன் ஒருவன், பந்தை வைத்திருப்பவன் இன்னொருவன். இரண்டு பேரும் சேர்ந்தால்தான் ஆட்டம். என் மகன் தோற்கவும் சண்டை போடவும் மறுநாள் சமாதானமாகப் போகவும் அந்தத் திடலில்தான் கற்றுக்கொண்டான்.

இப்போது மந்தைவெளியில் இருக்கும் வீடு பழையது, வளாகத்து வீட்டில் பாதிதான் இருக்கும். மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. கார் நிறுத்த இடம் தேடி அலைய வேண்டும். தூசு அதிகம். கணவர் தினமும் 25 கிலோமீட்டர் போய் 25 கிலோமீட்டர் திரும்புகிறார். இந்த ஏற்பாட்டில் அதிகம் இழந்தவர் அவர்தான். அதை அவர் ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை.

பெண் குழந்தை ஆயிற்றே, பயமில்லையா என்று என் மாமியார் கேட்டார். பயம் இருக்கிறது. வளாகத்தில் கேட்டும் கேமராவும் காவலாளியும் இருந்தார்கள், ஆனால் கேட்டைத் தாண்டினால் அவளை யாருக்கும் தெரியாது. இங்கே இஸ்திரி போடும் அண்ணனுக்கும் மளிகைக் கடைக்காரருக்கும் அவள் யார் வீட்டுப் பெண் என்று தெரியும். ஒருநாள் சைக்கிளிலிருந்து விழுந்துவிட்டாள். அவள் நொண்டிக்கொண்டு வீட்டுக்கு வருவதற்குள் மளிகைக் கடையிலிருந்து எனக்குப் போன் வந்துவிட்டது.

இப்போது அவளுக்குப் பதின்மூன்று வயது. இரண்டு மாதங்களுக்கு முன், கோட்டூர்புரத்தில் இருக்கும் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குத் தனியாகப் போக வேண்டும் என்று அடம் பிடித்தாள். மந்தைவெளியில் பறக்கும் ரயில் ஏறினால் பசுமைவழிச் சாலை, அடுத்தது கோட்டூர்புரம். ஐந்து ரூபாய் டிக்கெட். இறங்கிக் கொஞ்ச தூரம் நடக்க வேண்டும். நான்கு நாள் யோசித்துவிட்டுச் சரி என்றேன். அந்தச் சனிக்கிழமை காலை முழுவதும் எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. ஒரே துணியை இரண்டு தடவை மடித்து வைத்தேன்.

ஒரு மணிக்கு வருவதாகச் சொன்னவள் ஒன்றேகாலுக்கு வந்தாள். ஏன் தாமதம் என்று கேட்டேன். ஸ்டேஷன் படிக்கட்டின் கீழே ஒரு பாட்டி பெரிய பூக்கூடையோடு நின்றிருந்தாராம். "ஒரு கை பிடி கண்ணு" என்று கூப்பிட்டாராம். இவள் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கமாகப் பிடித்து மேலே நடைமேடை வரைக்கும் ஏற்றிவிட்டு, மறுபடி இறங்கி வந்திருக்கிறாள். "நடுவில் இரண்டு தடவை உட்கார்ந்தோம் அம்மா. அந்தப் பாட்டிக்கு முட்டி வலி. பேத்தி என் வகுப்புதானாம்" என்று சொல்லிக்கொண்டே கையை நீட்டினாள். இரண்டு உள்ளங்கையும் ஈரமாக, மரிக்கொழுந்து வாசனையோடு இருந்தன.

தம்பி, உனக்கு நான் இதைத்தான் சொல்லியிருக்க வேண்டும். முன்பணம் கட்டுவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அந்த வளாகத்தின் கேட்டைத் தாண்டி நடந்து பார். நீச்சல் குளத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அவன் எங்கே நடந்து போக முடிகிறது, வழியில் யார் அவனோடு பேசுகிறார்கள் என்று பார்த்துவிட்டு எனக்கு அழை. எத்தனை மணியானாலும் எடுக்கிறேன்.