ஓட்டாத காருக்கு என்ன விலை?

மார்த்தாண்டத்தில் பழைய கார் வாங்கி விற்கிற கன்சல்டிங்காரன் ஃபெராரி விலையைப் பற்றிப் பேசினால் சிலருக்குச் சிரிப்பு வரும். சிரித்துவிட்டே படியுங்கள். இப்போது கடைக்கு வருகிற பையன்களில் பாதிப்பேர் போனை நீட்டிக்கொண்டுதான் வருகிறார்கள். "அண்ணே, இந்த வண்டிய முந்நூறு கோடிக்கு மேல ஏலத்துல எடுத்திருக்கான் பாருங்க. லிமிடெட் எடிஷன்னா விலை ஏறிட்டேதான் போவும்லா?" அந்த நம்பிக்கையில் ஷோரூமில் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டிய எடிஷனுக்குக் கூடுதல் பணம் கட்டிவிட்டு வந்து நிற்பவர்களும் உண்டு.

குறைவாகச் செய்தார்கள் என்பதற்காக மட்டும் ஒரு காருக்கு விலை வந்துவிடாது. இதுதான் என் கட்சி.

அந்த முந்நூறு கோடி வண்டியையே எடுத்துக்கொள்வோம். ஃபெராரி 250 ஜிடிஓ. 1962 முதல் 1964 வரை மொத்தம் 36 வண்டிகள். யாரும் வாங்கிப் பூட்டி வைப்பதற்காகச் செய்யவில்லை, பந்தயத்தில் ஓட்டச் செய்தார்கள். பந்தயத்தில் புது மாடல் வந்ததும் அது வெறும் பழைய வண்டி. ஒன்றை அமெரிக்காவில், டெக்சாஸில் ஒரு பள்ளிக்கூடத்துக்குத் தானமாகவே கொடுத்துவிட்டார்கள், பிள்ளைகள் மெக்கானிக் வேலை படிக்கட்டும் என்று. 1972-ல் அந்த வண்டி 6,500 டாலருக்குக் கைமாறியது. இன்னொரு ஜிடிஓ 2018-ல் கலிபோர்னியா ஏலத்தில் 4.84 கோடி டாலருக்குப் போனது. அன்றைய கணக்கில் ஏறத்தாழ 340 கோடி ரூபாய்.

1972-லும் 36 தான், 2018-லும் 36 தான். அப்படியென்றால் விலையை ஏற்றியது எண்ணிக்கை இல்லை. சின்ன வயதில் அந்த வண்டிகள் ஓடுவதைப் பார்த்து வாய்பிளந்த பையன்கள் வளர்ந்து பணக்காரர்கள் ஆனார்கள். ஒவ்வொரு வண்டியும் எந்தப் பந்தயத்தில் ஓடியது, யார் ஓட்டினார், எங்கே இடித்தது என்பதெல்லாம் எழுத்தில் இருக்கிறது. அந்த வண்டி கையில் இருந்தால் பெரிய பழைய கார் பந்தயங்களுக்கு அழைப்பு தானாக வரும். வாங்குகிறவன் இதற்கெல்லாம் சேர்த்துத்தான் கொடுக்கிறான்.

இன்னொன்றும் கவனியுங்கள். அந்த ஏலத்தில் சுத்தியல் விழுந்தது 4.4 கோடி டாலரில். மீதி ஏல நிறுவனத்தின் கமிஷன். செய்தியில் வருவது இரண்டும் சேர்ந்த தொகை. விற்றவன் கைக்கு அது அப்படியே போய்ச் சேராது. 2023-ல் நியூயார்க்கில் இன்னொரு ஜிடிஓ 5.17 கோடி டாலருக்குப் போனபோது 'சாதனை விலை' என்று எழுதினார்கள். ஏலம் விட்டவர்கள் எதிர்பார்த்தது 6 கோடிக்கு மேல்.

எங்கள் தொழிலிலும் முதலில் பார்ப்பது வண்டியின் ஜாதகத்தைத்தான். சேசிஸ் நம்பர்மேல் டேப் ஒட்டிப் பென்சிலால் தேய்த்துப் பிரிண்ட் எடுத்து ஆர்.சி.யோடு ஒப்பிடுவோம். பானட்டைத் தூக்கி, ஃபெண்டர் (முன்சக்கரத்துக்கு மேலே இருக்கிற தகடு) போல்ட்டின் தலையில் பெயின்ட் உரிந்திருக்கிறதா என்று பார்ப்போம். உரிந்திருந்தால் அது ஒருமுறை கழன்ற வண்டி. கதவு ஓரத்து ரப்பர் பீடிங்கை உருவினால் டிங்கரிங் செய்த இடம் தெரிந்துவிடும். குளச்சல், முட்டம் பக்கத்து வண்டி என்றால் கட்டாயம் அடியில் படுத்துப் பார்க்க வேண்டும், உப்புக்காற்று மேலே பளபளப்பை விட்டுவிட்டு அடியைத் தின்றிருக்கும். கோடிக்கணக்கில் விலைபோகிற வண்டிக்கும் இதே சோதனைதான். பிறக்கும்போது இருந்த இன்ஜின்தானா, கியர்பாக்ஸ் அதுதானா என்று பார்த்துச் சான்றிதழ் கொடுக்க ஃபெராரி தனிப் பிரிவே வைத்திருக்கிறது. இன்ஜின் மாறியிருந்தால் விலை பயங்கரமாக விழும்.

சரி, கம்பெனியே "இத்தனைதான் செய்வோம்" என்று சொல்லி விற்கிற வண்டிகள்? 1987-ல் ஃபெராரி எஃப்40 வந்தபோது சுமார் 400 செய்வதாகத்தான் பேச்சு. கேட்பவர்கள் கூடினார்கள், கடைசியில் 1,300-ஐத் தாண்டியது. 1989-90 வாக்கில் பட்டியல் விலையைப்போலப் பல மடங்குக்குக் கைமாறியது. பிறகு உலகப் பொருளாதாரம் சரிந்ததும் விலை தலைகுப்புற விழுந்தது, மீண்டுவர ஒரு தலைமுறை ஆயிற்று. ஜாகுவார் எக்ஸ்ஜே220 கதை இன்னும் மோசம். 350 வண்டிதான் என்று சொல்லி, ஆளுக்கு 50,000 பவுண்ட் முன்பணம் வாங்கினார்கள். காட்டியது 12 சிலிண்டர், 1992-ல் கொடுத்தது 6 சிலிண்டர். அதற்குள் சந்தையும் படுத்துவிட்டது. வாங்க ஒப்புக்கொண்டவர்களே 'வண்டியே வேண்டாம்' என்று கோர்ட்டுக்குப் போனார்கள். சொன்ன 350-ஐக்கூடச் செய்து முடிக்கவில்லை, 1997-லும் விற்காத வண்டிகள் கிடந்தன.

நம் மாவட்டத்துக்காரர்கள் கேட்க வேண்டிய கதை ஒன்று உண்டு. ஃபெராரி என்ஸோ மாடலில் 399 செய்து முடித்து, 400-வது ஒன்றையும் செய்து போப் இரண்டாம் ஜான் பாலுக்குக் கொடுத்தார்கள். சுனாமியில் பாதிக்கப்பட்டவர்களுக்காக அதை ஏலம் விடச் சொன்னார் அவர். குளச்சலிலும் கொட்டில்பாட்டிலும் மணக்குடியிலும் நாம் ஆட்களைப் பறிகொடுத்த அதே சுனாமி. 2005-ல் அது 9.5 லட்சம் யூரோவுக்குப் போனது, அன்றைக்குச் சுமார் ஐந்து கோடி ரூபாய். நம் ஊர்ச் சர்ச் அறுப்பின் பண்டிகையில் ஒரு நேந்திரன் குலை ஆயிரக்கணக்கில் ஏலம் போகும் பாருங்கள், அந்த மாதிரி விலை. மறுநாள் மார்த்தாண்டம் சந்தையில் அந்த விலை சொன்னால் அடிப்பார்கள். ஆனால் கார் விஷயத்தில் கதை வேறுமாதிரி ஆயிற்று. 2015-ல் அதே வண்டி மறுபடி ஏலத்துக்கு வந்து 60.5 லட்சம் டாலர் பிடித்தது, மற்ற என்ஸோக்களைவிட எவ்வளவோ அதிகம். அதே இன்ஜின், அதே உருவம். போப்பின் கை பட்டதற்குத்தான் அத்தனை பணம்.

எனக்கு ஒப்பாத விஷயம், ஓடாத வண்டிக்கே மதிப்பு என்கிற கிலோமீட்டர் பைத்தியம். 2021-ல் மெக்லாரன் எஃப்1 என்கிற ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று இரண்டு கோடி டாலருக்கு மேல் போனது. 1995 மாடல், ஓடியது 400 கிலோமீட்டர்கூட இல்லை. இந்தப் பக்கம் 'மிஸ்டர் பீன்' நடிகர் ரோவன் அட்கின்சன் அதே எஃப்1-ஐ வாங்கி 40,000 மைலுக்கு மேல் ஓட்டினார், இரண்டு தடவை இடித்தார், இரண்டு தடவையும் சரிசெய்து மறுபடி ஓட்டினார். 2015-ல் விற்றபோது 80 லட்சம் பவுண்ட் கிடைத்தது. வாங்கிய விலையைப்போலப் பத்து மடங்குக்கும் மேல். ஆசைதீர ஓட்டியும் லாபம். அவர்தான் என் ஆள். அந்த 400 கிலோமீட்டர்கூட ஓடாத வண்டியைப் பூட்டி வைத்தவர்களுக்கு விலை இன்னும் கூடுதல் கிடைத்தது உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் ஓடாமல் கிடந்தால் ரப்பர் ஹோஸ் காயும், சீல் கசியும், பெட்ரோல் கெடும். அந்த வண்டியை நம்பி மார்த்தாண்டம் பாலம் ஏறி இறங்க எனக்குத் தைரியம் வராது.

அப்புறம் நம் ஊர் ஷோரூம் ஸ்டிக்கர் எடிஷன். கறுப்பு கிரில், சீட்டில் சிவப்புத் தையல், டிக்கியில் ஒரு பேட்ஜ். எத்தனை செய்தார்கள் என்று கேளுங்கள், ஷோரூம்காரருக்கே தெரியாது. அடுத்த பண்டிகைக்கு வேறு பெயரில் வரும். அந்த வண்டி என் கடைக்கு வந்தால் வருஷம், எத்தனாவது ஓனர், டயர், இன்ஷூரன்ஸ், அடிப்பாகம் பார்த்து விலை சொல்வேன். பேட்ஜுக்குத் தனியாக ஒரு ரூபாய் கிடையாது. கோபித்துக்கொண்டு போனவர்கள் பக்கத்துக் கடையில் விசாரித்துப் பார்க்கலாம், அங்கேயும் அதே விலைதான் சொல்வார்கள்.