மஸ்கோக்காவுக்கு வீடு மாறுறதுக்கு முந்தி

டொரொண்டோ ஸ்காபரோவில இருக்கிற வீட்டை வித்துப்போட்டு, வடக்க மஸ்கோக்கா ஏரிக்கரையில கொட்டேஜ் (லீவுக்குப் போய் நிக்கிற வீடு) வாங்கி நிரந்தரமா இருக்கலாம் எண்டு உங்கட கட்டுரையில எழுதியிருக்கிறியள், நல்லது, ஆனா போட்ட படமெல்லாம் ஜூலை மாசத்துப் படம். வாங்க நினைக்கிற ஆக்களை ஜனவரியில ஒருக்காப் போய்ப் பாக்கச் சொல்லுங்கோ. கன இடத்தில பிரைவேட் ரோட்டு, டவுன்ஷிப் (உள்ளூராட்சி) ஸ்னோ தள்ளாது, அங்க இருக்கிற ஆக்கள் காசு சேத்துத்தான் தள்ளுவிக்கிறது.

முக்கியமா காணிப் பேப்பரைப் பாருங்கோ. ஒன்டாரியோவில கன ஏரியளில தண்ணிக்கரையில இருந்து 66 அடி பழைய ரோட் அலவன்ஸ், அதாவது ரோட்டுக்கெண்டு முந்தி ஒதுக்கி வைச்ச நிலம், உங்களுக்கு முந்தி இருந்த ஆக்கள் அதை வாங்காம விட்டிருந்தா அது இப்பவும் டவுன்ஷிப்பின்ர நிலம், நீங்கள் காசு குடுத்த டெக்கும் போட்ஹவுசும் உங்கட காணிக்குள்ளயே இல்ல எண்டு வரும். லோயர் இதைப் பாக்காட்டி லோயரை மாத்துங்கோ.

செப்டிக் டேங்க் பெட்ரூம் எண்ணிக்கையைப் பாத்துப் போட்டது, கோடைக்கு எங்கட சனம் இருவது பேர் வந்து நிண்டு குளிச்சாத் தாங்காது (வருவினம், கட்டாயம் வருவினம்). கிணத்துத் தண்ணியில கிருமி இருக்கோ எண்டு பப்ளிக் ஹெல்த்தில காசில்லாம டெஸ்ட் பண்ணித் தருவினம். விறகு அடுப்பு இருந்தா இன்சூரன்ஸ்காரன் வெட் (WETT) இன்ஸ்பெக்சன், அதாவது அடுப்பும் புகைபோக்கியும் பாதுகாப்பா இருக்கோ எண்டு பாக்கிற சோதனை, கேப்பான். 2013லயும் 2019லயும் ஸ்பிரிங்கில மஸ்கோக்காவில இருக்கிற பிரேஸ்பிரிட்ஜ் டவுன் பக்கம் வெள்ளம் வந்தது, அதையும் விசாரியுங்கோ.

அம்மா அப்பாவைக் கூட்டிக்கொண்டு போறவை முதல்ல ஃபமிலி டொக்டர் கிடைப்பாரோ எண்டு பாருங்கோ. கறிவேப்பிலைக்கு ஹைவே 11ம் 400ம் பிடிச்சு டொரொண்டோவுக்கு இறங்கி வரவேணும், அதுவும் ஞாயிறு பின்னேரம் வந்தியள் எண்டா கொட்டேஜுக்குப் போன முழு டொரொண்டோவும் உங்களோட சேந்து திரும்பி வரும்.