பாம்புக்கடிக்குக் கோயில் மண் மருந்தா?

"பாம்பு கடித்தால் ஆஸ்பத்திரி வேண்டாம், நாகதம்பிரான் கோயில் மண்ணைப் பூசி மந்திரித்தால் போதும், சித்த வைத்தியமே அதுதான்" என்றொரு வாட்ஸ்அப் குரல்பதிவு வன்னியில் சுற்றுகிறது. முழுப்பிழை.

புதூர் நாகதம்பிரான் கோயிலில் பொங்கி நேர்த்தி தீர்ப்பது நம் வழக்கம், சரி. ஆனால் பல கடிகளில் விஷம் ஏறுவதே இல்லை. அவை மண் பூசாமலும் சுகமாகும். கட்டுவிரியன் அப்படியல்ல. இரவில் தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். நோவும் வீக்கமும் பெரிதாக இராது, பல் பட்ட இடமே தெரியாமல் போகலாம். சில மணித்தியாலத்தில் கண்ணிமை தானாக விழும், அப்புறம் மூச்சுத் தசைகள் செயலிழக்கும். அதற்கு விஷமுறிவு மருந்து வேண்டும். அரச ஆஸ்பத்திரியில் இலவசம்.

சித்த வைத்தியம் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்பு. அதை மந்திரிப்பாகச் சுருக்குவது அநியாயம்.

இறுக்கிக் கட்டாதீர்கள், கீறாதீர்கள். கடிபட்ட காலை அசைக்காமல் 1990 என்ற இலக்கத்தில் அம்புலன்ஸை அழையுங்கள். நேர்த்தியைச் சுகமான பிறகு செய்யலாம்.