எத்தனை ஆயிரம் ஆண்டு என்று மட்டும் கேட்காதீர்கள்

கோடை விடுமுறை தொடங்கிவிட்டது. மண்டபம் முதல் அரிச்சல்முனை வரை வேன்களும் டூரிஸ்ட் பஸ்களும் வரிசைகட்டி நிற்கின்றன. இந்தக் கரையில் பிறந்து, இங்கேயே பள்ளிக்கூடத்தில் வரலாறு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். அதனால் ஊருக்கு வரும் உறவுக்காரர்கள், அவர்களுடைய நண்பர்கள், அந்த நண்பர்களின் அலுவலகத்துக்காரர்கள் எல்லோருடைய கேள்விகளும் என் வாசலில்தான் வந்து இறங்குகின்றன. இறங்கட்டும். தெரியாததைக் கேட்பவர் மேல் எனக்கு ஒருநாளும் வருத்தம் கிடையாது. ஆனால் எதைக் காட்டினாலும் முதல் கேள்வி "இது எத்தனை ஆயிரம் வருஷம்?" என்று வரும்போதுதான் எரிச்சல் மூளுகிறது. ஆயிரத்துக்குக் குறைவாகச் சொன்னால் கேட்டவரின் முகம் தொங்கிவிடுகிறது. அடுத்த நிமிடம் செல்போனை எடுத்துக்கொண்டு கடல் பக்கம் போய்விடுகிறார்.

ராமநாதபுரம் கடற்கரையைப் பற்றி உலவும் தப்பெண்ணங்களில் பாதிக்கு மேல் இந்தப் பழமைப் பசியிலிருந்து பிறந்தவை என்பது என் கட்சி. பழையதாக இருந்தால்தான் பெருமை என்று முடிவு கட்டிவிட்டோம். அதனால் நம் பாட்டனும் பூட்டனும் நடந்துபோன வழி காலடியில் கிடந்தும் நமக்கு அது வரலாறாகத் தெரிவதில்லை.

தனுஷ்கோடியையே எடுத்துக்கொள்ளுங்கள். போன வாரம் என் தங்கை மகன் அந்த இடிந்த தேவாலயத்தின் முன் நின்று, "மாமா, இது சோழர் காலத்துச் சர்ச்சா?" என்று கேட்டான். பொறியியல் படித்தவன். சோழர் எதற்குச் சர்ச் கட்டினார்கள் என்று அவனுக்குத் தோன்றவில்லை. இடிந்து கிடக்கிறது, அப்படியானால் சோழர்தான். "கிட்டப் போய்ச் சுவரைப் பார்" என்றேன். செங்கல்லும் அல்ல, மலைக்கல்லும் அல்ல. கடலில் வெட்டியெடுத்த பவளக்கல். தேன்கூட்டைக் குறுக்கே அறுத்து வைத்ததுபோல் முகமெல்லாம் நுண்ணிய துளைகள். விரல் நகத்தால் சுரண்டினால் வெள்ளைத் தூள் கொட்டுகிறது. ராமேஸ்வரத்தில் தண்ணீர்த் தொட்டியில் மிதக்கவிட்டுக் காசு கேட்கும் 'அதிசயக் கல்'லை இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பல பேருடைய அதிசயம் அங்கேயே வடிந்துவிடும்.

சேதுவில் நீராடும் தீர்த்தக்கரை என்ற வகையில் தனுஷ்கோடி பழைய இடம்தான். ஆனால் இன்று படம் எடுத்துக்கொள்ளும் அந்தச் சுவர்கள் எல்லாம் ஒரு ரயில் துறைமுகத்தின் மிச்சம். 1914இல் பாம்பன் ரயில் பாலம் திறக்கப்பட்டது. சென்னையிலிருந்து ரயில் தனுஷ்கோடித் துறைக்கு வந்தது. அங்கே கப்பலேறித் தலைமன்னாரில் இறங்கி, மறுபடி ரயிலேறினால் கொழும்பு. இதுதான் போட் மெயில். இர்வின், கோஷன் என்று இரண்டு கப்பல்களின் பெயரை எங்கள் வீட்டுப் பெரியவர்கள் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளின் பெயரைப்போலச் சொல்வார்கள். சுங்கம், தபால் ஆபீஸ், ரயில் நிலையம் எல்லாம் இதை ஒட்டி முளைத்தவை. 1964 டிசம்பர் 22 நள்ளிரவில் புயல் அத்தனையையும் வாரிக்கொண்டு போனது. துறைமுகத்தின் ஆயுள் ஐம்பதே ஆண்டு.

இந்தப் புயலைப் பற்றியும் தவறாகச் சொல்கிறார்கள். 2004க்குப் பிறகு எல்லாமே சுனாமி ஆகிவிட்டது. வழிகாட்டிகளே "சுனாமியில் அழிந்த ஊர்" என்கிறார்கள். நிலநடுக்கத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை; புயல் காற்று கடலை ஏற்றிக் கரைக்குள் தள்ளியது. அடுத்தது, "போட் மெயில் ரயிலே கடலுக்குள் போய்விட்டது" என்பது. போனது போட் மெயில் அல்ல. பாம்பனிலிருந்து புறப்பட்ட தனுஷ்கோடி பாசஞ்சர், ஊரை நெருங்கிய நேரத்தில் அலைக்குள் போயிற்று. பயணிகள் 110 பேர், ரயில்வே ஊழியர் 5 பேர் என்பது அன்று சொல்லப்பட்ட கணக்கு. மூன்றாவது, "பாலமே விழுந்துவிட்டது" என்பது. இரும்புக் கர்டர்களில் மிகப் பெரும்பகுதி அடித்துச் செல்லப்பட்டது உண்மை. ஆனால் கப்பலுக்காகத் திறக்கும் நடுப்பகுதி நின்றது. கடலுக்குள் விழுந்த கர்டர்களைத் தேடி எடுத்து, இ. ஸ்ரீதரன் என்ற இளம் பொறியாளர் தலைமையில் 46 நாளில் ரயிலை ஓடவிட்டார்கள். பின்னாளில் டெல்லி மெட்ரோ கட்டிய அதே ஸ்ரீதரன்தான். 'பேய் நகரம்' என்ற பட்டத்தைப் பற்றி எழுதவே கை வரவில்லை. அங்கே மீனவக் குடும்பங்கள் இருக்கின்றன, கரைவலை இழுக்கின்றன, உங்களுக்கு வறுத்த மீனும் விற்கின்றன.

ராமேஸ்வரம் கோயிலின் மூன்றாம் பிரகாரத்திலும் இதே கதை. அந்தத் தூண் வரிசையைப் பார்த்தவுடன் "பாண்டியரா, சோழரா?" என்ற கேள்விதான். இரண்டுமில்லை. ராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதிகள். 18ஆம் நூற்றாண்டில் முத்துராமலிங்க சேதுபதி காலத்தில் அது முடிந்தது. ஏறக்குறைய 250 ஆண்டு. பாறை மலை இல்லாத தீவு இது. பாலமும் இல்லாத காலம். அந்த 1212 தூண்களுக்கான கல்லெல்லாம் படகில் கடல் தாண்டி வந்தாக வேண்டும். இதைவிட வியக்க என்ன வேண்டும்? மேற்கு வாசல் பக்கம் சேதுபதியும் அவருடைய அமைச்சர்களும் சிலையாக நிற்கிறார்கள். அவர்கள் முன்னால் நின்று யாரும் பெயர் கேட்டு நான் பார்த்ததில்லை. அந்த மன்னரை 1795இல் கும்பினியார், அதாவது கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள், பதவியிலிருந்து இறக்கிச் சிறைவைத்தார்கள். 1809இல் சென்னையில் காவலிலேயே இறந்தார். 1799இல் தூக்கிலேற்றப்பட்ட கட்டபொம்மனைத் தெரியாத பிள்ளை நம்மிடம் இல்லை. 1801இல் தூக்கிலேற்றப்பட்ட மருது சகோதரர்களையும் தெரியும். பதினான்கு ஆண்டு சிறையில் கிடந்த சேதுபதியை அவருடைய சொந்த மாவட்டத்துப் பிள்ளைகளிடம் கேட்டால் "யார் சார் அது?" என்கிறார்கள். தூக்குக்கயிறு இல்லாத தியாகம் மேடைக்கு ஏறுவதில்லை போலும்.

இனி என் மனத்தில் நெடுநாளாகக் கிடக்கும் விஷயத்துக்கு வருகிறேன்.

"வெள்ளைக்காரன் நமக்காக எப்பேர்ப்பட்ட பாலம் கட்டியிருக்கிறான் பாருங்கள்!" பாம்பன் பழைய பாலத்தில் ரயில் ஓடிய காலத்தில் அதைப் பார்த்தபடி இதைச் சொல்லாத சுற்றுலாக்காரர் குறைவு. ராமேஸ்வரத்து யாத்திரிகரின் புண்ணியத்துக்காக யாரும் கடலில் தூண் இறக்கவில்லை. அந்தப் பக்கம் இலங்கை மலைகளில் தேயிலைத் தோட்டம். இந்தப் பக்கம் பஞ்சத்திலும் கடனிலும் கிடந்த திருச்சி, புதுக்கோட்டை, சேலம், மதுரை, ராமநாதபுரத்துக் கிராமங்கள். ஆளைத் தடையில்லாமல் அனுப்ப வேண்டும், சரக்கும் தபாலும் விரைவாகப் போக வேண்டும். ரயில் வருவதற்கு முன், காப்பித் தோட்டக் காலத்தில், நம் கரையில் தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கிய கூட்டம் அங்கிருந்து காட்டு வழியில் மாத்தளை வரை நடந்தது. காலராவிலும் காய்ச்சலிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். ரயில் வந்தபின் நடை குறைந்தது. அதற்குப் பதிலாக மண்டபம் முகாம் வந்தது.

'மண்டபம் கேம்ப்' என்று ரயில் நிலையத்தின் பெயர்ப்பலகையில் இன்றும் இருக்கிறதே, அது எந்தக் கேம்ப் என்று ரயிலில் வருகிற யாராவது கேட்டிருப்பார்களா? இந்திய மண்ணில் இலங்கை அரசு நடத்திய நோய்த்தடுப்பு முகாம் அது. தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் கங்காணி கூட்டிவந்த குடும்பங்களை அங்கே நிறுத்தி வைத்து, அம்மை குத்தி, துணிமணிகளை மருந்துநீரில் முக்கி, சில நாள் பார்த்துவிட்டுத்தான் கப்பலேற்றினார்கள். கூலியாள் கையில் 'தகர டிக்கெட்' இருக்கும்: சிறு தகரத் துண்டு, அதில் பொறித்த எண். எந்தத் தோட்டத்துக்குரிய ஆள் என்பதை அந்த எண் சொல்லிவிடும். வழிச்செலவு தோட்டத்தின் கணக்கில் ஏறும். தோட்டம் அதை அந்த ஆளின் கடனாக எழுதிக்கொள்ளும்.

இதைத் தெரிந்துகொள்ளாததால் வருவதுதான் தமிழ்நாட்டின் மிகப் பெரிய குழப்பம்: "இலங்கைத் தமிழர் எல்லோரும் வெள்ளைக்காரன் கூலிக்குக் கூட்டிப்போனவர்கள்தானே?" படித்தவர்கள், மேடையில் பேசுகிறவர்கள், ஏன், இன்னொரு பள்ளியின் சமூக அறிவியல் ஆசிரியர் ஒருவர்கூட என்னிடம் இப்படிக் கேட்டிருக்கிறார். இல்லை ஐயா. மலையகத் தமிழரின் முன்னோர்கள்தான் அப்படிப் போனவர்கள். யாழ்ப்பாணத்துக்கும் கிழக்குக்கும் உரிய தமிழர் வரலாறு வேறு. யாழ்ப்பாணத்தை 13ஆம் நூற்றாண்டு முதல் ஆரியச் சக்கரவர்த்திகள் ஆண்டார்கள். அவர்களுடைய காசில் நந்தியும் 'சேது' என்ற எழுத்தும் இருக்கின்றன. 1619இல் போர்ச்சுகீசியர் அந்த அரசைப் பிடித்துக்கொண்டார்கள். அப்போது தேயிலையும் இல்லை, கங்காணியும் இல்லை. இரண்டு மக்களையும் ஒன்றாக்கிப் பேசினால் முதல் கூட்டத்தின் கூலி வரலாறும் மறைகிறது, இரண்டாம் கூட்டத்தின் அரச வரலாறும் மறைகிறது.

மலையகத்தாருக்கு நடந்ததை நாம் மறந்தது இன்னும் மோசம். 1948இல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964 அக்டோபர் 30 அன்று சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டார்கள்: 5,25,000 பேரை இந்தியா ஏற்கும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும், மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம். மனிதர்களைப் பங்குபோட்ட ஒப்பந்தம். அதன் மை காய்ந்து இரண்டு மாதம் ஆகுமுன் தனுஷ்கோடி போய்விட்டது. திரும்பி வந்தவர்கள் ராமேஸ்வரத்தில் 'ராமானுஜம்' கப்பலிலிருந்து இறங்கினார்கள். பிள்ளைகளில் பலர் இந்தியாவை அதற்குமுன் கண்டதேயில்லை. இங்கே அவர்களுக்குச் 'சிலோன்காரர்' என்று பெயர். 1983க்குப் பின் அதே மண்டபத்துக்குப் போரிலிருந்து தப்பிய மக்கள் அகதிகளாக வந்தார்கள். ஒரே இடம், போனவர், திரும்பியவர், தப்பி வந்தவர் என்று மூன்று தலைமுறைத் துயரத்தைப் பார்த்த இடம். எந்த வேனும் அங்கே நிற்பதில்லை.

சரி, பழமைதான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களுக்கும் இந்தக் கரையில் இடம் இருக்கிறது. வைகை முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் அழகன்குளம். தமிழ்நாடு தொல்லியல் துறை அகழ்ந்து ரோமக் காசுகளையும், தமிழ் பிராமி எழுத்துள்ள ஓடுகளையும், கப்பல் உருவம் கீறிய பானை ஓட்டையும் எடுத்த ஊர். உண்மையிலேயே ஈராயிரம் ஆண்டுத் துறைமுகம். அங்கே போக ஆட்டோ கேட்டவரை நான் கண்டதில்லை. பார்க்கக் கோபுரம் இல்லையல்லவா! ஆனால் குமரிக்கண்டத்துக்குப் போக எல்லோரும் தயார். மடகாஸ்கரிலும் இந்தியாவிலும் ஒத்த விலங்குகள் எப்படி வந்தன என்று விளக்க 1864இல் பிலிப் ஸ்கிளேட்டர் என்ற ஆங்கிலேய விலங்கியலாளர் ஊகித்த கண்டம்தான் லெமூரியா. நாம் அதைக் குமரிக்கண்டத்தோடு ஒட்டவைத்துக்கொண்டோம். கண்டங்கள் நகர்கின்றன என்று உறுதியானபின் அந்த ஊகத்துக்கு அறிவியலில் வேலையே இல்லாமல் போயிற்று. நாம்தான் இன்னும் அதற்கு வரைபடம் அச்சடித்துக்கொண்டிருக்கிறோம். எங்கள் தொண்டிக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை: சங்கப் பாட்டில் 'தொண்டி' வரும் இடமெல்லாம் நம் ஊர் அல்ல. பல பாடல்கள் பாடுவது மேற்குக் கடற்கரையில் இருந்த சேரர் தொண்டியை. கோபிக்க வேண்டாம்.

கீழக்கரையைப் பற்றி இரு தரப்பாரும் ஆளுக்கொரு பக்கம் இழுக்கிறார்கள். ஒரு தரப்பு, "மாலிக் காபூர் வாளோடு வந்த பிறகுதான் இங்கே முஸ்லிம்கள்" என்கிறது. டெல்லி சுல்தானின் தளபதியான அவன் வந்தது 1311இல். அவனுடைய வெற்றியைப் புகழ்ந்து எழுதிய டெல்லிக் கவிஞர் அமீர் குஸ்ரோவே, வீரபாண்டியன் படையில் முஸ்லிம்கள் இருந்ததைச் சொல்கிறார். குதிரையும் முத்தும் கைமாறிய கடற்கரை இது. அரபு வணிகர் அதற்கு வெகுகாலம் முன்பே இங்கே குடும்பம் நடத்தினார்கள். மறு தரப்பு, பழைய ஜும்மா பள்ளி 628ஆம் ஆண்டிலேயே கட்டப்பட்டது என்று வாட்ஸ்அப்பில் சுற்றவிடுகிறது. இன்று நிற்கும் கட்டடம் 17ஆம் நூற்றாண்டின் சீதக்காதியோடு சேர்த்துப் பேசப்படுவது. உள்ளே போய்த் தூண்களையும் போதிகைகளையும் பாருங்கள், ஏதோ கோயில் மண்டபத்தில் நிற்கிறோமோ என்று இருக்கும். உமறுப்புலவரை ஆதரித்த வள்ளல், கிழவன் சேதுபதியின் நண்பர், நம் கல்தச்சர் கைவண்ணத்தில் தொழுகைக்கு இடம். இதை விட்டுவிட்டு ஆயிரம் ஆண்டைக் கூட்டிச் சொல்வதில் யாருக்கு என்ன லாபம்?

கச்சத்தீவைப் பற்றி இங்கே சண்டை வேண்டாம். ஒன்று மட்டும்: 1974 ஒப்பந்தத்தில் நம் மீனவரும் யாத்திரிகரும் அங்கே போய்வரும் வழக்கம் தொடரலாம் என்று இருக்கிறது. ஒருவர் கடலில் மற்றவர் மீன்பிடிக்கக் கூடாது என்பது 1976 கடிதங்களில் வந்தது. இரண்டையும் படித்துவிட்டுக் கருத்துப் பெட்டியில் வாருங்கள். படிக்காமல் வந்தால் நீக்கிவிடுவேன்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுத் தகரப்பெட்டியில் பழைய இலங்கைப் பாஸ்போர்ட், தாயகம் திரும்பியோர் குடும்ப அட்டை, தோட்டத்துப் பற்றுச்சீட்டு, கப்பல் டிக்கெட், மண்டபம் முகாமில் கொடுத்த ஏதாவது துண்டுக் காகிதம் இருந்தால், பொங்கலுக்கு வீடு வெள்ளையடிக்கும்போது எரித்துவிடாதீர்கள். இரண்டு பக்கமும் படம் எடுத்து, யாருடையது, எந்த ஊர், எந்தத் தோட்டம் என்று எழுதி எனக்கு இன்பாக்ஸில் அனுப்புங்கள். லேமினேஷன் மட்டும் செய்துவிடாதீர்கள், காகிதம் வீணாகிவிடும்.