நபர் வேறு, மனிதன் வேறு

திருகோணமலைக் கோட்டை மான்களுக்குப் பொலித்தீன் பையோடு பழம் எறியாதீர்கள் என்ற பதிவின் கீழே, “தத்துவப்படி மனிதன் மட்டுமே நபர், விலங்கு வெறும் பொருள், இதில் விவாதமே இல்லை” என்று எழுதியிருக்கிறீர்கள், அண்ணா. அது தவறு.

ஆங்கிலேயத் தத்துவஞானி ஜோன் லொக் 1694இலேயே மனிதன் என்ற உயிரினத்தையும் நபரையும் பிரித்துவிட்டார். சிந்திக்கும் ஆற்றலும், நேற்று இருந்ததும் இன்று இருப்பதும் தானே என்ற உணர்வும்தான் அவருடைய அளவுகோல். உடலின் வடிவம் அல்ல. அறிவோடு பேசியதாகச் சொல்லப்பட்ட ஒரு கிளியின் கதையைக்கூட அவர் எடுத்து ஆராய்கிறார். இக்காலத் தத்துவஞானி பீட்டர் சிங்கர் ஒருபடி மேலே போய், சிம்பன்சி போன்ற விலங்குகள் நபர்களே என்று வாதிடுகிறார்.

நீங்கள் சொல்வது ஜெர்மானியத் தத்துவஞானி காண்டின் நிலைப்பாடு. ஆனால் விலங்குகளை வதைப்பதை அவரும் கண்டித்தார்! கோட்டை வாசலில் திரியும் புள்ளிமான் லொக்கின் அளவுகோலில் தேறாமல் போகலாம்; அதன் குடலில் பொலித்தீன் சிக்கினால் வலி வலிதான்.

நீங்கள் காட்டிய ஹாப்பி யானை வழக்கு, மிருகக்காட்சிசாலை யானை ஒன்றுக்கு நபருக்குரிய விடுதலை உரிமை இல்லை என்று 2022இல் நியூயோர்க்கின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் தந்த சட்டத் தீர்ப்பு. தத்துவ விவாதத்தை அது முடித்துவைக்கவில்லை. அங்கேயே ஏழு நீதிபதிகளில் இருவர் மாறுபட்டார்கள்.