‘மழைத்துளி’ பாடலைப் பற்றிய தவறான தகவல்

“1999இல் வந்த ‘சங்கமம்’ படத்துக்கு இசை எம்.எஸ்.விஸ்வநாதன். ‘மழைத்துளி’ பாடல் வரிகளுக்கே தேசிய விருது கிடைத்தது” என்ற செய்தி யாழ்ப்பாணத்து வாட்ஸ்அப், வைபர் குழுக்களில் சுற்றுகிறது. இரண்டுமே தவறு.

படத்தின் இசை ஏ.ஆர்.ரஹ்மான். எம்.எஸ்.வி. அதில் பாடகர் மட்டுமே. ‘மழைத்துளி’யில் ஹரிஹரனின் வழுக்கும் குரலோடு வரும் கனத்த குரல் அவருடையது. அந்தக் குரல் மனதில் தங்கிவிடுவதால்தான் இந்தக் குழப்பம் வந்திருக்க வேண்டும். படத்தின் தலைப்பு எழுத்தோட்டத்தைப் பார்த்தாலே போதும்.

விருது வைரமுத்துவுக்குத்தான். ஆனால் அது ‘முதல்முறை கிள்ளிப் பார்த்தேன்’ பாடலுக்கு. சுஜாதாவும் ஸ்ரீனிவாஸும் பாடியது. இந்தியத் தேசியத் திரைப்பட விருதுகளின் 47ஆவது பட்டியலில், சிறந்த பாடலாசிரியர் பிரிவைப் பாருங்கள். 1999இன் படங்களுக்கான விருதுகள் அடுத்த ஆண்டில்தான் அறிவிக்கப்பட்டன. ஆண்டை மாற்றித் தேடினால் வேறு பட்டியல் வரும். பலர் தடுமாறுவது இங்கேதான்.

படம் ஓடவில்லை என்பது உண்மை. பாட்டுகள் இன்றும் வாழ்கின்றன. அவற்றைப் பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் பெயர்கள் சரியாக இருக்கட்டும். அந்தச் செய்தியை இனி அனுப்பாதீர்கள். அனுப்பியிருந்தால் அதே குழுவில் இந்தத் திருத்தத்தைப் போடுங்கள்.