விசிட்டர் விசாவில் போய் லண்டனில் கல்யாணம் செய்துகொண்டு அங்கேயே தங்கிவிடலாமா?

"பிரிட்டனுக்கு விசிட்டர் விசாவில் போங்க, ரிஜிஸ்டர் மேரேஜ் முடிங்க, அங்கிருந்தே ஸ்பவுஸ் விசாவுக்கு (கணவன் அல்லது மனைவிக்கான விசா) மாறிக்கலாம்" என்று ஒரு வாட்ஸ்அப் தகவல் சுற்றுகிறது. தவறு.

சாதாரண விசிட்டர் விசாவில் அங்கே திருமணம் செய்ய அனுமதியே இல்லை. பெட்டியில் கல்யாணப் பத்திரிகை இருந்தால் விமான நிலையத்திலேயே திருப்பி அனுப்பலாம். 'மேரேஜ் விசிட்டர்' என்று தனி விசா உண்டு. பலர் ஏமாறுவது இதன் பெயரைப் பார்த்துத்தான். இதில் கல்யாணம் செய்யலாம், ஆனால் 6 மாதத்துக்குள் கிளம்பியாக வேண்டும். உள்ளேயிருந்து ஸ்பவுஸ் விசாவுக்கு மாற முடியாது.

தங்குவதுதான் திட்டம் என்றால் ஃபியான்சே விசா, அதாவது மணம் முடிக்கப் போகிறவருக்கான விசா. அதுவும் 6 மாதம்தான், வேலை பார்க்கக் கூடாது. திருமணம் முடிந்ததும் அங்கிருந்தே ஸ்பவுஸ் விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். நாள் கணக்கில்தான் சிக்கல் வரும். இங்கிலாந்து, வேல்ஸில் குறைந்தது 7 நாள் தங்கிய பிறகே பதிவாளரிடம் திருமண நோட்டீஸ் (கல்யாணம் செய்யப் போகிறோம் என்ற அறிவிப்பு) கொடுக்க முடியும். அதிலிருந்து 28 நாள் காத்திருப்பு. உள்துறை சந்தேகப்பட்டால் 70 நாள். நோட்டீஸ் கொடுக்கும் முன்பே மண்டபத்துக்கு முன்பணம் கட்டாதீர்கள்.

சொந்த நாட்டிலேயே சட்டப்படி திருமணத்தைப் பதிவு செய்துவிட்டு, நேரடியாக ஸ்பவுஸ் விசா கேட்பது பெரும்பாலும் மலிவு: விசா கட்டணம் ஒருமுறைதான், கிடைப்பது 33 மாதம், போனதும் வேலைக்கும் சேரலாம். ஃபியான்சே, ஸ்பவுஸ் எந்த விசாவானாலும் பொதுவாக ஆண்டுக்கு 29,000 பவுண்டு வருமானம் காட்ட வேண்டும். 2024 ஏப்ரல் 11 முதல் இதுதான் வரம்பு. 18,600 என்று சொல்பவர் பழைய கணக்கைச் சொல்கிறார்.